பத்து மைக்ரோகிராம்

கலாமாவில் இரவு ஒன்பதரை.
தாமிரம் ஏற்றிய லாரி ஒவ்வொன்று போகும்போதும்
மேஜையில் குடுவைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன.
யஸ்னா கோல்கே கையுறையை மாற்றுகிறாள்.

மண்டையோடு ஒட்டிய பாட்டில்:
லிட்டருக்கு ஆயிரம் மில்லிகிராம் ஆர்சனிக்.
நிறமில்லை. மணமில்லை.
தண்ணீர் மாதிரியே நடந்துகொள்கிறது.
வேண்டியதைச் சின்ன பீக்கரில் சரித்துக்கொள்கிறாள்.
மிஞ்சியதைப் பாட்டில் திரும்பச் சேர்த்துக்கொள்ளாது.

ஒரு மில்லி எடுத்து நூறாக்கினாள்.
அதில் ஒரு மில்லி எடுத்து மறுபடி நூறு.
பத்தாயிரத்தில் ஒரு பங்காய் இளைத்துவிட்டது.
இன்னும் ஒரு குடுவை, இன்னும் பத்து மடங்கு:
அப்போதுதான் அது
சட்டம் பொறுத்துக்கொள்ளும் கடைசி எண்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு, சரி.
அளவுக்குக் குறைந்த நஞ்சை என்னவென்பது,
பழமொழியில் இல்லை.
யஸ்னா அதை ஸ்டாண்டர்ட் என்று
லேபிளில் எழுதி ஒட்டுகிறாள்.

குளிர்பெட்டியில் ஏழு சீசாக்கள்.
எந்தத் தெருக் குழாய், யார் வீட்டுக் குழந்தையின் டம்ளர்,
ஒன்றும் எழுதியிருக்காது. 4401 முதல் 4407.
இவள் செய்யும் பத்தோடுதான்
அவை தோள் சேர்த்து நின்று உயரம் பார்க்க வேண்டும்.

கழுத்து வரை ஊற்றினாள். பிறகு சொட்டுச் சொட்டாக.
கோட்டுக்கு நேராகக் கண்ணை இறக்கி
மூச்சை நிறுத்தி,
பிறைமட்டத்தின் அடிவயிறு கோட்டைத் தொடப்போகையில்

லாரி.

ஒரு துளி கூடிவிட்டது.

"உறிஞ்சி எடுத்துவிடேன்" என்கிறான் எலியாசர்,
ஜாக்கெட்டின் ஜிப்பை இழுத்தபடி.
எடுத்தால் தண்ணீர் மட்டுமா வரும்?
"நூறு மில்லியில் ஒரு துளி, யஸ்னா.
வேன் பத்து மணிக்குக் கிளம்பிவிடும்."

அவள் ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள்,
அவனையல்ல, லாரியை.
கழிவுக் கேனில் குடுவையைக் கவிழ்த்தாள்.

மூன்று அலசல். பத்து மில்லி பிப்பெட்.
நுனியைக் கண்ணாடிச் சுவரில் சாய்த்து வடியவிடுகிறாள்.
கடைசியில் ஒரு சொட்டு உள்ளேயே தங்கும்.
அவசரக்காரர்கள் அதை ஊதித் தள்ளுவார்கள்.
பிப்பெட்டைச் செய்தவன்
அதை விட்டுத்தான் கோடு போட்டிருக்கிறான்.

கீழே வேனின் ஹாரன். இரண்டு முறை.
பிறகு இல்லை.

மூடியை அழுத்திப் பிடித்து
இருபது முறை தலைகீழாக்குகிறாள்.
பதினான்கில் எண்ணிக்கை தவறி
ஒன்றிலிருந்து.

பதிவேட்டில் நீல மையில்:
குடுவை மூன்று. கோடு தாண்டியது. கொட்டினேன், 21.52.
மறுபடி செய்தேன், 22.09.
கையெழுத்து.

4401-இன் மூடி இறுக்கமாக இருக்கிறது.
பாவாடை நுனியால் பற்றித் திருகப்போனவள்
நிறுத்தி,
புதுக் கையுறை எடுக்கிறாள்.