கழித்தல்

தாம்யான் வாங்கி வந்தது
தங்கமுலாம் முனை, பாம்புத்தோலாய்ப் பின்னிய உறை.
விலை என் அரைமாதச் சம்பளம்.
செருகினோம்.
அதே ரீங்காரம்.

ஸாக்ரெப், ஜனவரி. கதவுக்கு வெளியே நீல டிராம்.
மேடையில் யாத்ராங்கா செல்லோவை அணைத்தபடி,
“தேனீ வளர்க்கிறீர்களா?” என்றாள்.

முழந்தாளிட்டுக் கேபிளின் வழியே ஊர்ந்தேன்.
இருபத்தெட்டு மீட்டர். அத்தனை தூரமும்
விளக்குகளின் மின்கம்பியை ஒட்டிப் படுத்திருந்தது.
பக்கத்து வீட்டுச் சண்டை சுவர்வழி வருவதுபோல்
அதன் துடிப்பு இதற்குள் கசிந்தது.
தங்கம் என்ன செய்யும், பாவம்?
துருப்பிடிக்காது, அவ்வளவுதான்.

பெட்டியின் அடியில் பழைய மூன்றுமுனைக் கேபிள்,
உறை வெடித்த இடத்தில் டேப்.
உள்ளே இரண்டு இழைகள்:
ஒன்று சொல்வதை மற்றது தலைகீழாய்ச் சொல்லும்
(தாம்யானும் நானும் போல).
வழியில் விழும் இரைச்சலோ
இரண்டின்மேலும் ஒன்றுபோலவே விழும்.
போய்ச் சேர்ந்ததும்
ஒன்றிலிருந்து மற்றதைக் கழி;
இரைச்சல் இரைச்சலைத் தின்றுவிடும்,
செல்லோ இரட்டிக்கும்.

அவள் காலடியில் ஒரு டிஐ பெட்டி வைத்து
டேப் சுற்றியதை மாட்டினேன்.
விளக்குகளை முழுக்க ஏற்றச் சொன்னேன்.

ஒன்றுமில்லை.

“அறுந்துபோச்சா?” என்றான் தாம்யான்,
பில்லை எங்கே வைத்தோமென்று
சட்டைப்பையைத் தடவிக்கொண்டே.

வில் தந்தியைத் தொடுமுன்
யாத்ராங்கா மூச்சை இழுத்தது
கடைசி வரிசைவரை கேட்டது.