இருபத்தாறாவது காந்தம்

வெள்ளைப் பலகையில் இருபத்தைந்து காந்தங்கள்
ஒட்டிவிட்டன.
இரவு பத்தே முக்கால். ஃப்ளோரிடா.
ஏசி இயந்திரம் சளிபிடித்தவனைப் போல மூச்சு விடுகிறது.
மேசைமேல் மூன்று பெயர்கள்,
பெஞ்சில் ஓர் இடம்.
காலை ஏழுக்குள் சொல்லிவிடு என்கிறாள்
அணியை நடத்தும் டெல்ஃபீன் குரோல்.

ஆடுகிற ஒன்பது பேரை எழுதுவது பெரிய வேலையில்லை,
வாசலில் டிக்கெட் கிழிப்பவரே எழுதிவிடுவார்.
ஆடாமல் இருக்கப்போவது யார்,
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஹாக்லண்டுக்கு முப்பத்து நான்கு.
முதல் பேஸ், மூன்றாம் பேஸ், இடது ஓரம்,
எங்கே நிறுத்தினாலும் நிற்பான்.
ஒருமுறை பதினாறாவது இன்னிங்ஸில்
ஆளில்லாமல் பந்துகூட வீசினான்.
அவனுக்கு உட்காரத் தெரியும்.
ஐந்தாவது இன்னிங்ஸ் முடிந்ததும் யாரும் சொல்லாமல்
சுரங்கப்பாதைக்குப் போய் மட்டையைச் சுழற்றுவான்.
எட்டு நாள் கூப்பிடாமல் விட்டு
ஒன்பதாம் நாள் கூப்பிட்டாலும்
இப்போதுதான் எழுந்தவன் முகமாய் இருக்காது.

டோல்பர்ட் ஓடினால் தூசி பிறகு வந்து சேரும்.
அடிக்க மட்டும் வராது.
கீழ் அணிக்கு அனுப்பும் வாய்ப்புகள் தீர்ந்துவிட்டன,
அனுப்பினால் வழியிலேயே வேறொருவர் தூக்கிக்கொள்வார்.
பேஸ் திருடுகிறவனை
திருடு போய்விடுவான் என்று பயந்து
வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பெகேரோவுக்கு இருபத்திரண்டு.
இந்த மாதம் அடித்ததில் ஒன்று
வேலி தாண்டி, பனைவரிசை தாண்டி
என் கார்க் கண்ணாடியில் இறங்கியது.
மாலையில் போய்ப் பார்த்தால்
வைப்பருக்கடியில் நாற்பது டாலர்,
ஒரு காகிதத்தில் கோணல் எழுத்தில் மன்னிப்பு.

உப்புக்குச் சப்பாணி என்று சொல்லிவிடலாம், சுலபம்.
அந்தச் சப்பாணி இடத்துக்கு
மூன்று பேரும் பிப்ரவரியிலிருந்து
விடியுமுன் வந்து நின்றார்கள்.

ஆறே முக்காலுக்கு ஹாக்லண்ட் வந்தான்,
காலணிகளைக் கயிற்றில் கோத்துத் தோளில் போட்டபடி.
நான் வாய் திறக்கவில்லை.
"வேன் எத்தனை மணிக்கு?" என்றான்.
போக வேறு இடமில்லாதவனைத்தான்
அனுப்புவது எளிதாயிருக்கிறது.
எட்டரைக்கு என்றேன்.
தலையாட்டிவிட்டு என் காபியில் பாதியைக் குடித்தான்.

அடுத்தது பெகேரோ, மொழிபெயர்க்க லூசியானோ.
நீ நன்றாக அடிக்கிறாய் என்றேன்.
அதனால் உன்னைக் கீழே அனுப்புகிறோம்,
அங்கே தினமும் ஆடலாம்,
இங்கே உட்கார்ந்தால் துருப்பிடிப்பாய்.
லூசியானோ சரளமாகச் சொல்லிக்கொண்டே வந்தவன்
'அதனால்' என்ற இடத்தில் நின்றான்.
பிறகு வேறொரு சொல் போட்டான்.
எனக்கு ஸ்பானிஷ் கொஞ்சம்தான் தெரியும்,
அந்தச் சொல் தெரியும்:
'ஆனாலும்.'

நான் திருத்தவில்லை.
பையன் கை கொடுத்துவிட்டுப் போனான்.
நாற்பது டாலர் இன்னும் மேசை இழுப்பறையில்.
கண்ணாடியையும் மாற்றவில்லை.