வெள்ளைப் பின்னணி

வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் நாள்.
காது தெரியாமல் நான் எடுத்த படம்
குடிநுழைவுத் துறை வரை போய்
ஆளோடு திரும்பி வந்திருந்தது.
பத்து ரிங்கிட்டைத் திருப்பித் தந்தேன்,
மன்னிப்பை இரண்டு மொழிகளில்.

மதியம். தவுக்கே சாப்பிடப் போயிருந்தார்.
பினாங்கு வீதியின் வெயிலோடு ஒருத்தி,
தோளில் ஐம்பது நாள் பிள்ளை.
இந்தியா விசாவுக்கு.
கண் திறந்திருக்க வேண்டும், நிழல் விழக்கூடாது,
பிடிக்கும் கை தெரியவே கூடாது.
கழுத்தே நிற்காததை
முக்காலியில் எப்படி வைப்பது?

“அந்தத் துணிய என்மேல போடுங்க லா”
என்றாள். போட்டேன்.

பின்னணி மூச்சுவிட ஆரம்பித்தது.
“அசையாதீங்க” என்றேன்,
யாரிடம் என்று தெரியாமல்.
துணிக்குள்ளிருந்து ஏதோ ஒரு முனகல்;
பாட்டா, புழுக்கமா.
நாற்பத்தோராவது படத்தில்
பிள்ளை என்னைக் கண்டுபிடித்தது.

கணினியில் பெரிதாக்கினால்
அக்குளுக்குக் கீழே, துணியில்,
நான்கு மேடுகள்: விரல்கள்.
ஒவ்வொன்றாக வெளுத்தேன்.
கட்டைவிரல் மட்டும் லேசில் போகவில்லை.

வியர்வையோடு எட்டிப் பார்த்தாள்.
“என் கை தெரியலதானே?”
“தெரியல.”
“அப்ப சரி.”

அவள் போனதும்
வெளுக்காத படத்துக்குத்
‘தவறு இரண்டு’ என்று பெயரிட்டு
காதில்லாதவருக்குப் பக்கத்தில்
போட்டு வைத்தேன்.