துணி விரிக்கிற கை

மூடிக் கிடக்கும் காலண்டரிங் பட்டறைக்கு மேல் மொட்டைமாடி.
காலை ஐந்தே முக்கால்.
நாலு மணிக்கு எழுந்து, சோறு வடித்து, தண்ணி பிடித்து
ஓடி வருகிறார்கள்,
மெதுவாக அசையக் கற்றுக்கொள்ள.

தாய்ச்சி, சீகோங் என்று போர்டு எழுதி வைத்தபோது
புள்ளத்தாச்சிகளுக்கு ஏதோ என்று நினைத்தது
திருப்பூரில் இந்தத் தெரு.
இப்போது பதினோரு பேர்.
ஓவர்லாக் நாலு, செக்கிங் மூன்று, கைமடி இரண்டு,
அயர்ன் மேசை ராமாத்தாள்,
ஒடிசாவிலிருந்து வந்த சுபாசினி.
தமிழில் அவளுக்கு முதலில் வந்த வார்த்தை
"வலிக்குது".

எனக்கு இவர்கள் வைத்த பெயர் மாஸ்டரக்கா.
முப்பது வயதுவரை ஓடு உடைத்தவள்.
ஈரோட்டில் ஒரு போட்டியில்
கரூர்க்காரி ஒருத்தியின் காறை எலும்பை
நாலாவது நொடியில் ஒடித்தேன்.
கோப்பை இன்னும் இருக்கிறது, சீப்பு போட்டு வைத்திருக்கிறேன்.
சத்தமும் இருக்கிறது.
காய்ந்த முருங்கைக் கொப்பு மாதிரி,
அவ்வளவு சின்னது.

மேகக் கை என்று சொல்லிக் கொடுத்தேன்.
"மழையே காணோம், மேகத்துல எங்கீங்க கை வைக்கறது?
இது கட்டிங் டேபிள்ல துணி விரிக்கறதுங்"
என்றாள் ராமாத்தாள்.
அன்றிலிருந்து அதுதான் பெயர்.
குதிரைப் பிடரி கோதுவது, பீஸ் பிரிக்கிறது.
கொக்கு மட்டும் கொக்காகவே தங்கிவிட்டது.
நொய்யலின் சாயத்தண்ணியில் அது நிற்பதை
எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

தோளை இறக்குங்கள் என்பேன்.
எறக்கியாச்சுங் என்பார்கள்.
காதுக்கும் தோளுக்கும் நாலு விரல் இருக்காது.
பின்னால் போய் உள்ளங்கை வைப்பேன், அழுத்தாமல்.
ஒரு மூச்சு. இன்னொன்று.
நைட் ஷிப்ட், பீஸ் ரேட், வீட்டு வாடகை
ஒவ்வொரு படியாக
கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கும்.
சில நாள் பாதிப் படியிலேயே நின்றுவிடும்.

குணமாகுதுங்களா என்று கேட்டால்
இப்போது நான் உடனே தலையாட்டுவதில்லை.

மயிலாத்தாள் வந்தபோது
படி ஏறினால் இளைப்பு.
பஞ்சுத் தூசிதான், சரியாயிரும் என்றேன்.
அடிவயிறு வரை மூச்சை இழுத்துப் பழகினாள்.
"இப்ப நெம்பத் தேவலைங் மாஸ்டரக்கா"
என்று சொன்ன முகத்தை நம்பினேன்.
நம்புவது எனக்குப் பிடித்திருந்தது.
ஏழாவது வாரம்
அவள் பாதம் செருப்புக்குள் நுழையவில்லை.
கணுக்காலைப் பெருவிரலால் அழுத்தினேன்.
குழி விழுந்தது.
எண்ணிக்கொண்டே இருந்தேன்.
குழி எழும்பவில்லை.

ஆட்டோவில் என்மேல் சாய்ந்துகொண்டு
மூச்சை எப்படிங் விடறது என்று
என்னிடமே கேட்டாள்.
தெரியலையே கண்ணு என்றேன்.

வால்வு என்றார் டாக்டர்.
ரெண்டு மாசம் முன்னாலேயே வந்திருக்கலாம் என்றார்.
என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

கோயமுத்தூரில் அறுத்துத் தைத்து அனுப்பினார்கள்.
பிழைத்தாள்.

இப்போது மாடிக் கதவில் நூல் கட்டி
ஒரு நோட்டு தொங்குகிறது.
என்ன மாத்திரை, பிரஷர் எவ்வளவு, கால் வீங்குகிறதா.
எழுதத் தெரியாதவர்களுக்கு மயிலாத்தாள் எழுதுகிறாள்,
சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து,
"மாத்திரைய நிறுத்திப்போட்டு வந்தீங்கன்னா
படியிலயே திருப்பி அனுப்பீருவேன்" என்று மிரட்டிக்கொண்டு.
எழுதி முடித்ததும் உட்கார்ந்த வாக்கிலேயே
துணி விரிக்கிறாள்.
நெஞ்சு நடுவில் தையல் இருக்கிறது,
கை அதைத் தொடாமல் சுற்றிப் போகிறது.

கீழே முதல் டெம்போவின் ஹாரன்.
ராமாத்தாளின் வலத்தோள் இன்னும் இறங்கவில்லை.
எட்டு மாசம்.
பின்னால் போய் நிற்கிறேன்.
கை வைக்கும் முன் கேட்கிறேன்,
காலு ஏதாச்சும் வீங்குதுங்களா?

"தோளுங்க்கா" என்கிறாள்,
"வலிக்கறது தோளு."