மூட்டம் கண் திறக்கக் கூடாது

மூட்டம் கண் திறக்கக் கூடாது.
எங்கள் வேலையில் இருக்கும் ஒரே சட்டம் இது.
மண்போர்வைக்குள் அடுக்கிய சீமைக்கருவேலம்
எரியவும் கூடாது, அணையவும் கூடாது,
வெந்துகொண்டே கிடக்கவேண்டும் ஒன்பது நாள்.
எங்காவது வெடித்துச் சிவப்பு தெரிந்தால்
ஈரமண்ணை வாரி அப்பவேண்டும்.
ராத்திரிச் சம்பளம் அதற்குத்தான்.

முதலில் புகை வெள்ளை. அது மரத்தின் தண்ணீர்.
பிறகு மஞ்சள், தொண்டையைப் பிறாண்டும்.
கடைசியில் நீலம், மெலிசாக, நைலான் வலை நிறத்தில்.
நீலம் வந்தால் கரி முற்றிவிட்டது.
இதற்கு மேல்
புகையைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

முன்பு சிவகங்கைப் பக்கம் கரும்பு வெட்டப் போவேன்.
வெட்டுக்கு முந்தின சாயங்காலம் வயலைக் கொளுத்துவார்கள்.
சோகை போகும், பாம்பு போகும்.
கரித்துணுக்குகள் மயிர்போலச் சுருண்டு
கொடியில் காயும் பள்ளிக்கூடச் சட்டைகளில் விழும்.
பெண்கள் திட்டுவார்கள். நாங்கள் சிரிப்போம்.
நாளைக்கு வேறு வயல், வேறு ஊர்.

இங்கே மூட்டத்தின் மேல் ஏறி நின்றால்
என் வீட்டுக் கூரை தெரிகிறது.

மூக்கையூர்.
பேரிலேயே மூக்கு இருக்கிற ஊரில் யார் எதைப் பொத்துவது?
பகலில் கடல்காற்று புகையைச் சாயல்குடிப் பக்கம் தள்ளும்.
அது மிளகாய்க்காட்டுக்காரர்கள் பாடு.
இருட்டினால் கரைக்காற்று,
போனதெல்லாம் விலாசம் விசாரித்துக்கொண்டு
எங்கள் தெருவுக்கே வரும்.
சவேரியாயி மணலில் காயவைத்த சாளையில் ஏறும்.
வியாபாரி ஒன்றை எடுத்து மோந்துவிட்டு
'என்னம்மா, பீடி குடிச்ச மீனா?' என்றானாம்.
கடற்கரையே சிரித்தது.
அவள் மூன்று கூடையையும்
கோழித்தீவன விலைக்கு எடைபோட்டாள்.

திங்கட்கிழமை மனு கொடுத்தார்கள்.
புதன்கிழமை ஆர்.ஐ. வந்தார்,
கைக்குட்டையை எடுக்காமலே கேட்டார்:
'யார் மூட்டம்?'
நிலம் ராமநாதபுரத்து வக்கீலுடையது.
மரம் ஏலம் எடுத்தது கமுதிக்காரர்.
லாரி நாமக்கல் பதிவு.
கரி போவது எங்கோ ஒரு பட்டணத்து ஓட்டலில்
கோழி வாட்டுவதற்கு.
'நெருப்பு?'
நெருப்பு என்னது, சார்.

எழுதிக்கொண்டார்.
பிறகு நான் கேட்காமலே மனுவைத் திருப்பிக் காட்டினார்.
நாற்பத்தொரு பேர்.
பதினேழாவது, தி. பூவழகி.
ழகரத்தின் வாலை அடுத்த வரிவரை இழுத்துவிடுவாள்,
ரேஷன் கடையில்கூட அதற்காகத் திட்டு வாங்கியிருக்கிறாள்.
பதினெட்டாவதாகச் சவேரியாயி
அந்த வாலுக்கு இடம் விட்டு
ஒதுங்கிக் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

அன்று ராத்திரியும் பூவழகி சோறு கொண்டுவந்தாள்.
இடுப்பில் கனிஷ்கா, நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி மூச்சு.
'ஆஸ்பத்திரியில புகை வச்சுட்டு வந்தோம்.'
முகத்தில் மூடி வைத்து ஊதும் அந்த மருந்துக்கு
எங்கள் பக்கம் புகை என்றுதான் பேர்.
'வீட்ல யாரு சிகரெட்டுன்னு நர்ஸு கேட்டுச்சு.'
நீ என்ன சொன்ன?
'சிகரெட் கிடையாதுன்னேன்.'

குழம்பில் விற்காத கருவாடு.
என் மூட்டம் மணத்தது.
உப்பு கொஞ்சம் தூக்கல் என்றேன்.
மனுவைப் பற்றி நானும் கேட்கவில்லை
அவளும் சொல்லவில்லை.

பாதிச் சோற்றில் இருக்கும்போது
'அந்தா, கண்ணு' என்றாள்.
தென்மூலையில் விரல் நீளத்துக்குச் சிவப்பு.
எச்சில் கையோடு நான் எழுந்திருப்பதற்குள்
பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு ஓடினாள்.
நாற்பத்தொரு பேரில் ஒருத்தி
இரண்டு கையாலும் ஈரமண்ணை வாரி
அப்பினாள், இன்னும் அப்பினாள்,
முந்தானையை வாயில் கடித்துக்கொண்டு.

மடியில் பூனைக்குட்டி கத்திக்கொண்டே இருந்தது.
காற்று வீட்டுப் பக்கம்தான் போனது.
டார்ச்சை அடித்துப் பார்த்தேன்.
இன்னும் மஞ்சள்.
நீலமாக மூன்று நாளாகும்.