ரப்பர் மூடி

வசந்த் விஹாரில் ஒரு வாடகை மாடி.
பித்தளைப் பலகையில் ‘வர்த்தகத் தகவல் மையம்’.
என்ன வர்த்தகம் என்று ஒருவரும் ஏறிவந்து கேட்டதில்லை.
உள்ளே ஒரு நாடு இருந்தது:
இரண்டு மேசை, ஓர் அலமாரி,
இஸ்திரி போட்டு மடித்த கொடி,
கொடிக்குக் காவலாய் நாலு அந்துருண்டை.

நான் அந்த நாட்டின் ஓட்டுநர்.
கலியமூர்த்தி என்பது வாயில் நுழையாமல்
அவர் என்னைக் ‘காலி’ என்பார்.
தமிழிலும் இந்தியிலும் அதற்கு ஒரே பொருள் என்று
நான் சொல்லவில்லை.

வண்டியின் மூக்கில் கொடி நட ஒரு துளை,
துளைக்கு ஒரு ரப்பர் மூடி.
தினமும் கழற்றித் துடைத்து மாட்டுவேன்.
சாணக்யபுரியில் நீலப் பலகை வண்டிகள் வழுக்கிப்போகும்.
நாங்கள் வெள்ளைப் பலகை,
போலீஸ் கை காட்டினால் நின்றாக வேண்டும்.

விருந்துக்கு அழைப்பார்கள்.
உறையில் அவர் பெயர் இருக்கும், பதவி இருக்காது.
கை குலுக்குவார்கள்,
கேமரா உயர்ந்ததும் அவரே
தூணோரம் ஒதுங்கிக்கொள்வார்.
வெளியே மற்ற ஓட்டுநர்கள் கேட்பார்கள்:
“அப்படி ஒரு நாடு நெஜமாவே இருக்கா?”
“சம்பளம் வருது” என்பேன்.

சவுத் பிளாக்குக்கு அவர் எழுதிய கடிதத்தை
நானே கொண்டுபோனேன்,
பிரிக்காமல் நானே கொண்டுவந்தேன்.
உறைமேல் நாட்டின் பெயர் இருந்ததாம்;
வாங்கினால் அது இருப்பதாக ஆகிவிடுமாம்.

எனக்கு இதில் வியப்பில்லை.
நான் சங்கம் விஹார், எச் பிளாக்.
‘அங்கீகரிக்கப்படாத காலனி’ என்று
அரசாங்கம் அச்சடித்த தாளே சொல்கிறது.
மீட்டர் சுற்றுகிறது, பில் வருகிறது, ஓட்டும் உண்டு.
பத்திரம் கேட்டால் தெருவே இல்லை.

ஆப்பிரிக்கா அவென்யூ நெரிசலில் ஒருநாள் அவர் விளக்கினார்:
“நடைமுறையில் இருப்பது வேறு, காலி,
சட்டத்தில் இருப்பது வேறு.”
“தெரியும் சார். எங்க தெருவுக்குத் தண்ணி லாரி
ரெண்டுலயும் வராது.”
அன்றுதான் அவர் சத்தமாய்ச் சிரித்துப் பார்த்தேன்.

ஏற்றவர்கள் பதினொரு பேர்.
பன்னிரண்டாவது ஒரு தீவு;
நள்ளிரவில் போன் செய்து சொன்னார்.
என் மகளின் அட்லஸில் அது பென்சில் முனையளவு.
அடுத்த வருஷம் அங்கே ஆட்சி மாறியது.
மறுபடி பதினொன்று.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, டில்லி தலையசைத்தது.
நாலே வரி அறிக்கை.
நின்றபடி படித்தார். உட்கார்ந்து படித்தார்.
எழுந்துபோய் முகம் கழுவினார்.

மூடியைக் கழற்றிக் கொடியை நட்டேன்,
அந்துருண்டை வாசனை காற்றில் பிரிந்தது.
நற்சான்றுப் பத்திரம் கொடுத்த அன்று
மாளிகைச் சுவருக்கு இந்தப்புறம் நின்றேன்.
யாரோ பத்தே நாளில் பழகிய அவர்களின் கீதம்
கொஞ்சம் மெதுவாய்க் கேட்டது.

தூதரகம் என்றால் விதிகள் உண்டு.
நீலப் பலகை ஓட்டுபவனுக்குப் போலீஸ் சரிபார்ப்பு.
கான்ஸ்டபிள் இரண்டு முறை வந்தாராம்;
எச் பிளாக்கில் 214க்கு அடுத்தது 390.
‘முகவரி கண்டறிய இயலவில்லை.’ முத்திரை.

தாளை அவர் என்னிடம் நீட்டவில்லை.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.
மூன்று மாதச் சம்பளம், ஒரு கைகுலுக்கல்.
“கலியமூர்த்தி” என்றார், ஓர் எழுத்தும் பிசகாமல்.
எத்தனை நாள் ஒத்திகையோ.

மூடி என்னிடமே தங்கிவிட்டது.
வீட்டில் எந்தக் குழாய்க்கும் பொருந்தவில்லை.

போன மாதம் ஒரு தபால்.
எப்போதோ நான் சொன்ன அடையாளம், அவர் கையெழுத்தில்:
‘பச்சை டிரம்முக்கு எதிரே’.
தெருத்தெருவாய் விசாரித்துக் கொடுத்துவிட்டார்கள்.
தங்க முத்திரை பதித்த அட்டை,
அவர்களின் முதல் தேசிய நாள் விருந்து.
அது முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

அட்டை நல்ல கெட்டி. பின்பக்கம் வெள்ளை.
அஞ்சலை அதில் தண்ணீர்க் கணக்கு எழுதுகிறாள்:
திங்கள், நாலு குடம்.
செவ்வாய், வரவில்லை.