ஐந்தொகை

செக்காலை ரோட்டில் மாடி அறை.
சுவரை விட்டு வெயில் இறங்க
இரவு பதினொன்றாகும்.
மின்விசிறிக்கு நேர் கீழே பாய்,
பாயில் மூன்று பேர்,
நடுவில் ஒரு நோட்டு.

"மொத்தம் எழுபத்திரண்டு" என்றாள் அஃப்ரின்.
ஆயிரத்தைச் சொல்லாமல் விட்டால்
கொஞ்சம் குறைவாகத்தான் தெரிகிறது.

கிராபிக்ஸ் கார்டு ரின்சியின் பங்கு.
பிரசவ வார்டில் எட்டு மாத இரவுப் பணி அது.
விளையாட்டில் மழை பெய்தால்
ஒவ்வொரு துளியும் தனித்தனியாய் விழவேண்டும் அவளுக்கு.
"காசு குடுத்து வாங்குற மழை,
மங்கலாவா பெய்யிறது?"

ப்ராசஸரும் மதர்போர்டும் அஃப்ரினுக்கு.
பகலெல்லாம் ஜெராக்ஸ் கடையில்
ஊராரின் ஆதார் அட்டைக்கு இரண்டு பக்கமும் நகல் எடுப்பவள்.
சாக்கெட் பொருந்துமா, பயாஸ் பழசா,
நாலு வருஷம் கழித்தும் கூட வருமா,
பெண் பார்க்க வந்தவனைக் கேட்கவிடாத கேள்வியெல்லாம்
மதர்போர்டைக் கேட்டாள்.
அவன் வந்துபோன வாரம் அது.

மிச்சமெல்லாம் எனக்கு.
ராம் இரண்டு, எஸ்.எஸ்.டி. ஒன்று, கேபினட்,
பிறகு யாரும் பெயர் கொடுக்காத பவர் சப்ளை.
விளக்கு எரியாது, பெருமை பேச ஒன்றுமில்லை,
கறுப்பு டப்பா.
"இதுல மட்டும் மலிவு பாக்காதீங்க"
என்றார் கடைக்காரர்,
கொப்புடையம்மன் கோயில் இருக்கும் பக்கம் கைகாட்டி.

என் கவலை வேறு.
பள்ளத்தூரில் எங்கள் வீட்டுக்குப் பதினோரு பங்கு.
பூட்டு இங்கே, சாவி கோலாலம்பூரில்.
மூன்று பேர் சேர்ந்து வாங்கும் பெட்டி
மூன்று திசைக்குப் பிரியும் நாளில் என்னாகும்?
இசைகுடிமானம் எழுதுவதுபோல்
தேதி போட்டு எழுதினேன்:
போகிறவள் தன் பாகத்தைக் கழற்றிக்கொள்ளலாம்.
திருகாணி பொது.

ரின்சி சிரித்தாள், கையெழுத்துப் போட்டாள்.
குவைத்துக்கு அவள் எழுதிப்போட்டிருப்பது
எங்களுக்குத் தெரியும்.
தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது.

கடைசியாய் ஒரு சண்டை.
கார்டில் எட்டு ஜிபியா, பன்னிரண்டா?
வித்தியாசம் நாலாயிரத்து ஐந்நூறு.
நோட்டை மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே படித்து
ஒரே ஒரு வரியை அடித்தோம்.
ஐந்தொகை நேராய் நின்றது.

ஞாயிறு மதியம் பூட்டினோம்.
ப்ராசஸரை இருத்தும்போது
அஃப்ரின் மூச்சுவிடவில்லை.
பசை பட்டாணி அளவு போதும் என்றிருந்தது;
பச்சைப் பட்டாணியா, காய்ந்ததா
என்று பத்து நிமிடம் போனது.
ரின்சி கார்டை ஏந்தி வந்தாள்,
பிறந்து அரைமணியான பிள்ளையைத்
தாயிடம் நீட்டுகிற கையோடு.

பொத்தானை அழுத்தினோம்.
விசிறிகள் சுற்றின. திரை கறுப்பு.
ராமைக் கழற்றி மாட்டினேன். கறுப்பு.
மூவரும் வாய் திறக்காமல்
அடுத்தவள் பாகத்தைச் சந்தேகப்பட்டோம்.
ஒருமணி நேரம்.
பிறகு அஃப்ரின் பின்பக்கம் குனிந்து
மதர்போர்டில் செருகியிருந்த திரைக் கேபிளை உருவி
கார்டில் செருகினாள்.
அவ்வளவுதான்.
முப்பத்தோராயிரம் ரூபாயை
எட்டிக்கூடப் பார்க்காமல்
பக்கத்து வாசலில் நின்று தட்டியிருக்கிறோம்.

ஒன்பதரைக்கு மழை பெய்தது, திரையில்.
துளித் துளியாய்.
ட்யூட்டிக்கு நேரமாகியும் ரின்சி நின்றாள்.
விளையாட்டு பெயர் கேட்டது,
மூவருக்கும் சேர்த்து ஒரே கட்டம்.
உமையாள் என்று அடித்தேன்.
அஃப்ரின் அழித்தாள்.
அவள் அடித்ததை ரின்சி அழித்தாள்.

கரண்ட் போனது.

இருட்டில் விசிறிகள் ஒவ்வொன்றாய் ஓய்கிற சத்தம்.
கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
"அன்னிக்கு அடிச்ச வரி" என்றாள் ரின்சி,
"என்ன அது?"
"யு.பி.எஸ்."

சுவர் இன்னும் சுட்டது.
செல்போன் வெளிச்சத்தில் நோட்டைத் திறந்து
திருகாணி பொது என்பதன் கீழே
யு.பி.எஸ். பொது என்று சேர்த்தேன்.
"அடுத்த மாசம் வாங்கிரலாம்."

செருப்பை மாட்டிக்கொண்டே ரின்சி கேட்டாள்:
"அடுத்த மாசம் எத்தனாந் தேதி?"